வெளிச்சத்தை வைத்துத் தூசியின் அளவைக் கண்டுபிடிப்பது எப்படி? டெல்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் போதும், ஆர்.கே. புரம், கரோல் பாக், மயூர் விஹார், ஜனக்புரி என்று டெல்லியில் நம்ம ஆட்கள் வீடு எதற்குப் போனாலும் டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பிஎம் 2.5 இவ்வளவு, பிஎம் 10 இவ்வளவு என்று காட்டும். பிஎம் என்றால் காற்றில் மிதக்கும் துகள்கள், 2.5-ம் 10-ம் அவற்றின் விட்டத்துக்கு மைக்ரானில் உள்ள எல்லை, ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதா, அப்பா காலையில் நடக்கப் போகலாமா என்றெல்லாம் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகள் முக்கியமானவை, அதனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பெட்டிக்குள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றின் குறுக்கே ஒரு சிவப்பு லேசர் ஒளி போகிறது. பக்கவாட்டில், ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக, ஒரு ஒளி உணரி இருக்கிறது. தூசு இல்லாத காற்று போனால் உணரிக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஒரு துகள் கற்றையைக் கடந்தால் அது ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும், அதில் ஒரு பங்கு உணரியில் விழும், ஒரு மின் துடிப்பு கிளம்பும். அவ்வளவுதான் அளவீடு. இதற்குப் பிறகு திரையில் வருவதெல்லாம் கணக்கு.

இதை அழுத்திச் சொல்கிறேன்: பெட்டி துகளின் அளவை, அதாவது அது எவ்வளவு பெரியது என்பதை, அளப்பதில்லை, எடையையும் அளப்பதில்லை. எவ்வளவு ஒளி வந்தது என்பதை மட்டும் அளக்கிறது. அதிலிருந்து அளவுக்கும், அளவிலிருந்து எடைக்கும் போவதற்கு இடையில் நிறைய ஊகங்கள் இருக்கின்றன, அந்த ஊகங்கள் டெல்லிக்குப் பொருந்துமா என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது.

துகள் பெரிதானால் சிதறல் எப்படி மாறும்?

துகளை அதன் மேல் விழும் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும். துகளின் சுற்றளவை, அதாவது விட்டத்தைப் பை என்ற எண்ணால் பெருக்கி வருவதை, அலைநீளத்தால் வகுத்தால் அளவுக் காரணி கிடைக்கும். சிவப்பு லேசருக்கு அலைநீளம் 0.65 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 0.3 மைக்ரான் துகளுக்கு அது சுமார் 1.45, 2.5 மைக்ரானுக்கு 12, 10 மைக்ரானுக்கு 48.

இந்தக் காரணி ஒன்றைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் ராலே என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் சொன்ன விதி, 1871-ல் வானம் ஏன் நீலம் என்று விளக்கியபோது அவர் எழுதியது. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாவது அடுக்கில் ஏறும், அலைநீளத்தின் நான்காவது அடுக்கில் இறங்கும். விட்டம் இரட்டிப்பானால் ஒளி 64 மடங்கு! காரணி மிகப் பெரிதாக இருந்தால், மூடுபனித் துளி, மழைத்துளி மாதிரி, சிதறல் குறுக்குப் பரப்பைப் பொறுத்து, விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய பகுதி, டெல்லிப் புகையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அங்கே எளிய விதி எதுவும் கிடையாது. குஸ்தாவ் மீ என்ற ஜெர்மானியர் 1908-ல், நீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்களின் நிறத்தை விளக்குவதற்காக, உருண்டையான துகளுக்கு முழுக் கணக்கையும் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் எந்தக் கருவியானாலும் அடிப்படையில் ஓடுவது அவருடைய கணக்குதான்.

அப்போ பெரிய துடிப்பு வந்தால் பெரிய துகள் என்று எடுத்துக்கொள்ளலாமே?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் சரியாக எங்கே துல்லியம் தேவையோ அங்கே இல்லை. மீயின் கணக்கைப் படமாக வரைந்தால், விட்டம் அலைநீளத்தை ஒட்டி வரும் இடத்திலிருந்து சில மடங்கு வரை கோடு ஏறி, தயங்கி, சற்று இறங்கி, மறுபடி ஏறும். ஆகவே ஒரே துடிப்புக்கு இரண்டு மூன்று விட்டங்கள் பொருந்தும். நல்ல கருவிகளில் பக்கவாட்டு ஒளியை அகன்ற கோணத்தில் ஆடி வைத்துச் சேர்த்து இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு மட்டமாக்குவார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், துகள் எதனால் ஆனது என்பது. கருவியைப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மணிகளை வைத்துத்தான் அளவு திருத்துவார்கள், அதன் ஒளிவிலகல் எண் 1.59. நீருக்கு 1.33, அம்மோனியம் சல்பேட்டுக்கு 1.53. கரிப்புகை என்றால் ஒளியைச் சிதறடிப்பதோடு விழுங்கவும் செய்யும், அதுவும் உருண்டையாக இல்லாமல் சங்கிலி சங்கிலியாகக் கிடக்கும். அதனால் லாரிப் புகையின் கரித்துகள் உண்மையான அளவைவிடச் சிறியதாகவே கருவிக்குத் தெரியும். இப்படிக் கிடைக்கும் விட்டத்தை ஒளிவிட்டம் என்று சொல்வதே சரி.

பிஎம் 2.5 என்பதில் உள்ள 2.5 எந்த விட்டம்?

அது காற்றியக்க விட்டம். ஒரு துகள் காற்றில் எந்த வேகத்தில் விழுகிறதோ, அதே வேகத்தில் விழும் நீரின் அடர்த்தியுள்ள உருண்டையின் விட்டம். மண்துகளின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.6 மடங்கு, ஆகவே உருண்டையான மண்துகள் ஒன்று 1.55 மைக்ரான் இருந்தாலே காற்றியக்கக் கணக்கில் 2.5 ஆகிவிடும். ஒளிக் கருவிக்கு அடர்த்தி தெரியாது. அதற்கு மட்டும் எப்படித் தெரியும்?

இன்னொன்று, 2.5 என்பது வெட்டு விழுந்த மாதிரி எல்லை இல்லை. அந்த அளவுத் துகள்களில் பாதி உள்ளே போகும், பாதி தடுக்கப்படும், அப்படித்தான் கருவி காற்றை உள்ளிழுக்கும் உறிஞ்சு முனையை வரையறுக்கிறார்கள்.

அண்ணா, ஜனவரிக் காலையில் என் பெட்டி ஆர்.கே. புரத்தில் உள்ள அரசின் காற்றுத்தர நிலையத்தைவிட ரொம்ப அதிகமாகக் காட்டுகிறது. எது சரி?

எடைக்கு நிலையம்தான் சரி. அங்கே பீட்டா கதிர் முறை: தூசியை ஒரு காகித நாடாவில் படியவிட்டு, அதன் வழியே பீட்டா கதிர் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எடையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஈரத்தைக் குறைக்க, உள்ளே வரும் காற்றைச் சூடாக்குவார்கள். உங்கள் பெட்டி அப்படிச் செய்வதில்லை.

ஜனவரிக் காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். டெல்லித் துகள்களில் உப்புகள் அதிகம், அவை நீரை உறிஞ்சி ஊதிப்போகும். தூய அம்மோனியம் சல்பேட் துகள் 80 சதவீத ஈரப்பதத்துக்குப் பக்கத்தில் சட்டென்று கரைந்து துளியாகும், 90-ல் அதன் விட்டம் உலர்ந்தபோது இருந்ததைப்போல் சுமார் 1.7 மடங்கு, கொள்ளளவு ஐந்து மடங்குக்குப் பக்கம். சிதறல் அதற்கேற்ப எகிறும். பெட்டி அந்தத் தண்ணீரையும் தூசி என்று எண்ணி எடையில் சேர்க்கும்.

டெல்லிக்கு இதில் ஒரு தனிக் கதையும் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் முன்னின்று நடத்தி 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று, இங்கே குளிர்காலத் துகள்களில் குளோரைடு மிக அதிகம் என்றும், குப்பை, பிளாஸ்டிக் எரிப்பு போன்றவற்றிலிருந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி அம்மோனியாவோடு சேர்ந்து துகளாகி நீரை இழுப்பதுதான் கண்ணுக்கெட்டும் தூரம் குறைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் என்றும் காட்டியது. நம்ம ஊர்க்காரர்கள் செய்த நல்ல வேலை, தேடிப் படியுங்கள்.

சரி, அப்போ பெட்டி பொய் சொல்கிறதா என்றால், இல்லை. காற்றில் அந்த நிமிஷம் ஒளி அவ்வளவு சிதறுகிறது என்பது நிஜம், ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக் தெரியவில்லையே. அதை எடையாக மாற்றியதில்தான் தவறு.

மே மாதம் ஆந்தி (புழுதிப்புயல்) வந்தபோது வீடெல்லாம் மண், பெட்டி மட்டும் அசையவே இல்லை. கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. புழுதிக்காற்றில் எடையின் பெரும்பகுதி 2.5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் இருக்கிறது. ஒரு கிராம் நுண்புகை சுமார் 3 முதல் 4 சதுர மீட்டர் அளவுக்கு ஒளியைச் சிதறடிக்கும், அதே ஒரு கிராம் பெரும்புழுதி 0.6 சதுர மீட்டர்தான். கணக்கைப் பாருங்கள்: 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடை, அதே பொருளாலான 0.25 மைக்ரான் துகள்கள் ஆயிரத்தின் எடைக்குச் சமம். எண்ணிக்கையில் ஒன்று, ஒளியிலும் அந்த ஆயிரத்துக்கு ஈடாகாது. போதாததற்கு, பெரிய துகள்கள் வளைந்து வளைந்து போகும் அந்தச் சின்னப் பாதையில் உணரி வரை வந்து சேர்வதே குறைவு.

இங்கே எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் ஒன்று. இந்த மலிவான உணரிகள் 0.3, 0.5, 1, 2.5, 5, 10 என்று ஆறு அளவுகளுக்குத் தனித்தனி எண்ணிக்கை கொடுக்கின்றன. ஆய்வகங்களில் ஒரே அளவுத் துகள்களைச் செலுத்திச் சோதித்துப் பார்த்ததில், பல மாதிரிகள் அளவுகளைப் பிரித்தறியவே இல்லை, மொத்த ஒளியை மட்டும் அளந்துவிட்டு, மீதியை ஏற்கனவே எழுதிவைத்த விகிதத்தில் பங்கு போட்டுக் கொடுக்கின்றன என்றுதான் தெரியவந்தது. அப்படியானால் பிஎம் 10 என்று திரையில் வருவது பிஎம் 2.5-ஐ ஏதோ ஒரு எண்ணால் பெருக்கியது மாதிரிதான். அதை அளவீடு என்று விற்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆஸ்துமா உள்ள ஒருவர் ஆந்தி நாளில் அந்த எண்ணை நம்பி வெளியே போனால் என்ன ஆவது?

ஒரே 90 டிகிரி கோணம் போதாது என்றால் எத்தனை கோணம் வேண்டும்?

இரண்டு இருந்தாலே பெரிய வித்தியாசம். சிறிய துகள் ஒளியை முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். துகள் வளர வளர முன்பக்கம், அதாவது ஒளி போகும் திசையிலேயே, சிதறல் குவியும். ஆகவே முன்பக்கச் சிறு கோணத்தில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு உணரி வைத்து விகிதம் பார்த்தால் அளவு பற்றி நிஜமான தகவல் கிடைக்கும். முன்பக்கச் சிறு கோணத்துக்கு இன்னொரு நல்ல குணம், ஒளிவிலகல் எண் என்ன, உருவம் என்ன என்பது அங்கே அவ்வளவாகப் பாதிக்காது, ஏனென்றால் அங்கே நடப்பது பெரும்பாலும் விளிம்பு வளைவு, துகளின் குறுக்குப் பரப்புதான் அதற்குக் கணக்கு. எல்லாக் கோணத்திலும் சுற்றி அளக்கும் கருவிகளும் உண்டு, துருவ நெஃபெலோமீட்டர் என்பார்கள். அதில் ஒளியின் முனைவாக்கத்தையும், அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதையும், பார்த்தால் உருண்டையா, மண் மாதிரி ஒழுங்கற்றதா என்பதும் பிடிபடும்.

நிறத்தை வைத்து அளவு சொல்ல முடியுமா?

முடியும், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. ஆங்ஸ்ட்ராம் என்ற சுவீடன்காரர் 1929-ல் ஒரு எளிய உறவைச் சொன்னார்: தூசியால் ஒளி மங்கும் அளவு, அலைநீளத்தின் ஒரு அடுக்கில் குறைகிறது. அந்த அடுக்குதான் ஆங்ஸ்ட்ராம் எண். காற்று மூலக்கூறுகளுக்கு அது 4-ஐ ஒட்டி வரும். புகை மாதிரி நுண்துகள் என்றால் 1.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பாலைவனப் புழுதி என்றால் பூஜ்ஜியத்துக்குப் பக்கம், அதாவது எல்லா நிறமும் ஒரே மாதிரி மங்கும்.

நவம்பரில் பஞ்சாப், ஹரியானா பக்கம் வைக்கோல் எரிக்கும் புகை வரும்போது இந்த எண் மேலே நிற்கும், மே, ஜூனில் தார் பாலைவனத்திலிருந்து புழுதி வரும்போது கீழே விழும். வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம்: ஊதுபத்தி ஏற்றி, பின்னால் கறுப்புத் துணி பிடித்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். நுனியிலிருந்து எழும் புகை நீலம் பூத்துத் தெரியும், துகள் அலைநீளத்தைவிடச் சிறியது என்பதற்கு அதுவே சாட்சி. குக்கர் விசில் அடிக்கும்போது வரும் நீராவியில் அதே டார்ச்சை அடித்தால் வெள்ளை, ஏனென்றால் அந்தத் துளிகள் பெரியவை.

கருவியாக வேண்டும் என்றால் மூன்று நிற நெஃபெலோமீட்டர், 450, 550, 700 நானோமீட்டரில் தனித்தனியாக அளப்பது, பல ஆய்வு நிலையங்களில் இருக்கிறது.

தரையில் இல்லாமல் மொத்த வானத்துக்கும் அளவு தெரிந்துகொள்ள?

சூரியனையே விளக்காக வைத்துக்கொள்கிறார்கள். சூரிய ஒளிமானி என்ற கருவி நேராகச் சூரியனைப் பார்த்து, வெவ்வேறு அலைநீளங்களில் ஒளி எவ்வளவு குறைந்து வருகிறது என்று அளக்கும், அப்புறம் அதே உயரத்தில் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பி, சூரியனிலிருந்து விலக விலக வானத்தின் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்றும் பார்க்கும். நிறமும் கோணமும் இரண்டும் கிடைத்துவிட்டது. நாசாவின் ஏரோநெட் வலையமைப்பு இப்படித்தான் வேலை செய்கிறது, நம்ம கங்கைச் சமவெளியில் ஐஐடி கான்பூரில் 2001 முதல் ஒன்று ஓடுகிறது, தரவு எல்லாருக்கும் இலவசம். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் 1980-களிலிருந்தே பல அலைநீளக் கதிர்மானிகளை வைத்து இந்த வேலையைச் செய்துவருகிறது.

இவ்வளவு தரவு இருந்தால் அளவு நேராக வந்துவிடுமா?

வராது. இங்கேதான் உண்மையான கஷ்டம். அளவு தெரிந்தால் சிதறலைக் கணக்கிடுவது சுலபம், சிதறலிலிருந்து அளவுக்குத் திரும்பி வருவதுதான் பாடு. கடைக்காரர் மொத்தத் தொகையை மட்டும் சொல்லி, பையில் என்னென்ன சாமான் எத்தனை கிலோ என்று நம்மைக் கேட்பது மாதிரி: பொருந்தும் பதில்கள் ஏராளம், அதில் பல அபத்தம். வானத்தில் எல்லா அளவுத் துகளும் கலந்து இருக்கின்றன, ஒவ்வொரு அளவீடும் அவை அத்தனையின் கூட்டுத்தொகை. அளவீட்டில் ஒரு சதவீதம் பிழை இருந்தால்கூட, கண்டுபிடித்த பரவலில், அதாவது எந்த அளவில் எத்தனை துகள் என்ற கணக்கில், மலையும் பள்ளமுமாக, சில இடங்களில் துகள் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குக் கீழேகூடப் போய்விடும்.

1962-ல் பிலிப்ஸும் 1963-ல் டூமியும், அதே காலத்தில் ரஷ்யாவில் டிகோனவும் இதற்கு வழி சொன்னார்கள். அளவீட்டோடு பொருந்த வேண்டும் என்று மட்டும் கேட்காமல், பரவல் ஓரளவு வழவழப்பாகவும் இருக்க வேண்டும் என்று கூடுதலாக ஒரு நிபந்தனை போடுவது. இயற்கையில் துகள் பரவல் திடீர் திடீரென்று குதிப்பதில்லை, ஆகவே அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் நிபந்தனையை எவ்வளவு இறுக்குவது என்பது ஆள் முடிவு செய்வது. ரொம்ப இறுக்கினால் நிஜமாக இருக்கும் இரண்டு மேடுகள் ஒன்றாகக் கரைந்துவிடும், ரொம்பத் தளர்த்தினால் இல்லாத மேடுகள் முளைக்கும். ஏரோநெட் 0.05 முதல் 15 மைக்ரான் ஆரம் வரை 22 புள்ளிகளில் பரவலைத் தருகிறது. அந்த 22-ம் ஒன்றையொன்று சாராத அளவீடுகள் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், குளிர்காலத்தில் நுண்துகள் மேடும் கோடையில் பெருந்துகள் மேடும் உயர்வதை நம்பிப் படிக்கலாம்.

0.3 மைக்ரானுக்குக் கீழே ஏன் எந்தப் பெட்டியும் காட்டுவதில்லை?

ராலே விதியில் சொன்ன ஆறாவது அடுக்கு. துகள் சிறுக்கச் சிறுக்க வெளிச்சம் அவ்வளவு வேகமாக விழுந்துவிடுகிறது. 0.1 மைக்ரானுக்குக் கீழே எண்ண வேண்டும் என்றால் துகள் மேல் பியூட்டனால் ஆவியைப் படியவைத்து, பெரிய துளியாக வளர்த்து, அப்புறம் ஒளியால் எண்ணும் கருவி இருக்கிறது. விலை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

கருவியே இல்லாமல் நானே அளக்க ஏதாவது வழி?

மூடுபனிக்கு உண்டு. மெல்லிய பனி வழியாக நிலா தெரியும் இரவில், அதைச் சுற்றி வெளிறிய வட்டமும் அதன் ஓரத்தில் செம்மையும் தெரியும். நிலாவின் நடுவிலிருந்து அந்தச் செம்மை ஓரம் வரை எத்தனை டிகிரி என்று பாருங்கள், கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி, நடு மூன்று விரலும் சேர்ந்தால் 5 டிகிரி. 38-ஐ அந்த டிகிரியால் வகுத்தால் துளியின் விட்டம் மைக்ரானில் கிடைக்கும். 4 டிகிரி என்றால் சுமார் 10 மைக்ரான், 2 டிகிரி என்றால் 19. வட்டம் தெளிவாக இருந்தால் துளிகள் ஒரே அளவு, கலங்கலாக இருந்தால் பல அளவு. பசங்களோடு மாடியில் செய்ய அருமையான வேலை, முகமூடி போட்டுக்கொண்டு. வெறும் புகைக்கு இந்த வட்டம் வராது, துகள் மிகச் சிறியது, கோணம் அகன்று கலைந்துவிடும்.

சரி, பெட்டியை வைத்து நான் என்ன செய்யட்டும்?

தூக்கிப் போடாதீர்கள். அறைக்கு அறை, நேரத்துக்கு நேரம் ஒப்பிட அது நல்ல கருவி. காற்றுச் சுத்திகரிப்பானைப் போட்டதும் எண் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது, எந்த ஜன்னல் வழியாகப் புகை வருகிறது, தாளிக்கும்போது சமையலறை விசிறி போதுமா என்பதையெல்லாம் அதனிடம் கேட்கலாம், சாம்பிராணி போட்ட நாளில் எகிறினால் அதையும் நம்பலாம், அது நிஜமான நுண்புகை. குக்கர் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

எடையாகப் பயன்படுத்த வேண்டும் என்றால் பால்கனியில் வைத்து, பக்கத்து அரசு நிலையத்தின் எண்ணோடு மணிக்கணக்கில் ஒப்பிட்டு, உங்கள் பெட்டிக்கான பெருக்கு எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, இரண்டும் வேறாகத்தான் வரும். ஈரப்பதம் 80-க்கு மேல் போன மணிகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இந்தியத் தரக்கட்டுப்பாடு பிஎம் 2.5-க்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15, இரண்டுமே நாள் சராசரிகள், ஆகவே ஒரு நிமிஷ எண்ணை அவற்றோடு ஒப்பிட வேண்டாம். ஆந்தி நாளில் பெட்டியைப் பார்க்காமல் நிலையத்தின் பிஎம் 10-ஐப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால், உறிஞ்சு வாயில் படிந்த பஞ்சுத்தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி நிலையத்தோடு ஒப்பிடுங்கள். லேசரும் நாளடைவில் மங்கும், போன வருஷத்துப் பெருக்கு எண் இந்த வருஷம் செல்லாது.